ஐசியில் ழ இல்லை

பாடாங் செராய் தோட்டத்திலிருந்து
பதிவிலாகாவுக்குப் போன அப்பா
தாளில் எழுதிக் கொடுத்தது எழிலி.
கவுண்டரில் இருந்தவர் தட்டியது
இ, எல், ஐ, எல், ஐ.
வெளியே தோட்டத்து லாரி காத்திருந்ததாம்,
திருத்தச் சொல்ல நேரமில்லை.

தமிழ்ப்பள்ளியில் அது யாருக்கும் தெரியாது.
இடைநிலைப்பள்ளியின் முதல் சபைகூடலில்
ஒலிபெருக்கி 'எலிலி' என்று கூப்பிட்டபோது
யாரோ ஒருத்தி எழுந்து போகட்டும் என்று
நானும் காத்திருந்தேன்.

கைப்பந்துக் குழுவுக்கு அதுவும் நீளம்.
பத்ரிஷா பாதியாக நறுக்கினாள்:
எலி.
ஏய் எலி, பந்து!
எலி, கேண்டீன் போகலாமா?
அவர்கள் வாயில் அது
ஆங்கிலப் படத்துப் பெண்ணின் பெயர்போலப்
பளபளத்தது.
பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.
காலணியின் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு.

பள்ளிப் பேருந்தின் பின்சீட்டில் மட்டும்
நம் பையன்கள் கீச் கீச் என்றார்கள்.
மூன்றாம் பிரிவு வந்ததும்,
'எலி இறங்குது, வழி விடுங்கடா.'

அப்பாவுக்கு இப்போது மருந்து வேலை.
மரத்துக்கு ஒரு கட்டி, நீல மெழுகு.
செம்பனையின் காலடியில் வைத்துவிட்டு
நாலு நாள் கழித்துப் போய்
கடித்தது எத்தனை, கடிக்காதது எத்தனை என்று
எண்ணி எழுத வேண்டும்.
கம்பத்தின் மேல் பெட்டி அடித்து
ஆந்தைகளையும் குடிவைத்திருக்கிறது நிர்வாகம்.
எங்கள் வீட்டைவிட
அதற்குத்தான் புதுக் கூரை.

ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை,
பேருந்து வரவில்லை.
கேட்டுக்கு வெளியே அப்பா,
மோட்டாரில், தலையில் உரப்பை கவிழ்த்து.
நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.
இவர்கள் முதலில் போய்விடட்டும்.
போகவில்லை.
பத்ரிஷா குடைக்குள்ளிருந்து கத்தினாள்:
'எலி! எலி! யாரோ அங்கிள் உன்னைத் தேடுகிறார்!'

அப்பா குனிந்து
காலடியைப் பார்த்தார்.
சாக்கடை ஓரம் பார்த்தார்.
தொழில் பழக்கம்.
அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

சிவப்பு விளக்குவரை பேச்சில்லை.
'உன்னையா கூப்பிட்டாங்க?'
'ம்.'
'எத்தன நாளா?'
விளக்கு மாறியது, பின்னால் லாரி உறுமியது.
அதற்குமேல் கேட்கவில்லை.
உரப்பையைக் கழற்றி
பின்னால் கையை நீட்டி
என் தலையில் கவிழ்த்தார்.
மூக்கை எரிக்கும் நெடி.
வீடு வரும்வரை அதற்குள்ளேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேண்டீனில்
மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது.
ஹுய் ஷின்னிடம் சொன்னேன்:
நீங்கள் கூப்பிடுவது திக்குஸ்.
திக்குஸ்! பெரிய மீசை வைத்தது!
என் பெயர் மேகம்,
மழையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற மேகம்.
அவள் சிரித்தாள், பிறகு வாயை மூடினாள்.
'சரியாகச் சொல், நானும் சொல்கிறேன்.'
எரிலி.
எளிலி.
எயிலி.
நாக்கை மடக்கு. மேலே தொடாதே.
தொடப்போகிற மாதிரி போய் நில்.
எச்சில் தெறித்து என் தட்டில் விழுந்தது.

அப்புறம் அவள் கேட்டாள்:
'என் பெயரை மட்டும் நீ
சரியாகச் சொல்கிறாயாக்கும்?'
ஹுய், படியிலிருந்து குதிக்க வேண்டுமாம்.
ஷின், மேலேயே நடக்க வேண்டுமாம்,
இறங்கக் கூடாதாம்.
இரண்டு வருடமாக நான் கூப்பிட்டது
யாரையென்று அவளுக்கே தெரியாதாம்.
மணி அடிக்கும்வரை
குதித்துக் குதித்து விழுந்தேன்.

ஆட்டத்தின் நடுவில் இன்னும் எலிதான்.
ழ வளைவதற்குள் பந்து விழுந்துவிடும்.
திரும்பிப் பார்க்கிறேன், அடிக்கிறேன்.
பின்சீட்டுப் பையன்களிடம் மட்டும்
ஒருநாள் கேட்டேன்:
குலையிலேயே நல்லாப் பழுத்தத
மொதல்ல தின்னுறது யாருடா?
தோட்டத்துப் பிள்ளைகள், பதில் தெரியும்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மழையில் ஊறி
காலணியின் மை கலைந்துபோயிருந்தது.
நேற்று இரவு திரும்ப எழுதினேன்.
நட்சத்திரத்துக்கு இடமில்லை.
ழவின் வால்
குதிகால்வரை போய்விட்டது.